உள்மடிப்பு

பெல்ட்டைக் கண்டதும் நாய்க்குட்டி தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. பதுங்கட்டும், எனக்கென்ன வந்தது, நானா இதைத் தூக்கி வந்தேன். தூக்கி வந்தவள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். போகிறபோது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏங்க, சாயங்காலம் ஹவுஸ் ஓனர் கீழ வருவாரு. அதுக்குள்ள இத பெல்ட்டுக்குப் பழக்கிருங்க" என்றாள். பழக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சிதம்பரநாதன் சார் நேற்றே மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டார், "மக பிரசவத்துக்கு வந்திருக்கா ராஜாங்கம், கைக்குழந்தை இருக்கிற வீடு. பெல்ட்டப் போட்டு ஒழுங்கா வளக்கிறதுன்னா வளங்க. நாளைக்கு நான் பாக்கறப்ப கழுத்து மொட்டையா இருந்துச்சுன்னா எங்க எடுத்தீங்களோ அங்கயே கொண்டு போய் விட்டுருங்க." எடுத்தது மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில். டிபன் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாளாம், பையில என்னம்மா நெளியுது என்று கண்டக்டர் கேட்டதற்குத் தயிர்சாதம் என்றாளாம். தனம் ஒரு காலத்தில் இப்படியெல்லாம் பேசுகிறவள்தான். இந்த இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பேச்சைக் கேட்டேன். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்தது தப்போ என்கிற மாதிரி உடனே என்னைப் பார்த்தாள். அதனால்தான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வளர்கிற எதுவும் எனக்கு இந்த வீட்டில் வேண்டாம். தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக் கன்றைக்கூட எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வளர்வது என்றால் நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம் பெரிதாக இருப்பது, இன்றைவிட நாளைக்கு. நாளைக்கு இருக்கும் என்று யார் சொன்னார்கள். பேசாமல் இப்படியே உட்கார்ந்திருந்தால் பொழுது போய்விடும், சாயங்காலம் அவள் வந்ததும், முடியலை தனம், உருண்டுச்சு, கத்துச்சு, கடிக்க வந்துச்சு, நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் நம்புவாள். அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் நம்பிவிட்டு, டிபன் பையை எடுத்து வந்து குட்டியை அதில் வைப்பாள். வெறுமனே தேங்காய் வாங்கிட்டு வாங்க, சிலிண்டருக்குச் சொல்லிட்டீங்களா என்பதைத் தவிர இந்த இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

சரி, பெல்ட்டையாவது பார்ப்போம். சிவப்பு ரெக்சின், உள்பக்கம் மெத்தென்று ஒன்றும் கிடையாது, ஓரத்தை வெட்டினது வெட்டினபடியே விட்டிருக்கிறான், இதைத் தைத்தவன் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். வரிசையாக ஓட்டைகள். இருப்பதிலேயே உள்ளே இருக்கிற ஓட்டையில் மாட்டினால்கூட இது தலையை உருவிக்கொண்டு வந்துவிடும், இது மாதிரி இரண்டு கழுத்துக்குப் போதும். அளவு பார்க்காமலா வாங்கினாய் என்று கேட்டதற்கு, "வளர்ற குட்டிதானங்க, பெருசாவே இருக்கட்டும்னு வாங்குனேன்" என்றாள். வளர்ற குட்டி. வளர்ற புள்ள. ஜூன் மாதம் வந்தால் இந்த முன்னறையில் நின்றுகொண்டு எங்கள் நாகல் நகரே சொல்கிற வார்த்தை இது, வளர்ற புள்ளண்ணே, கொஞ்சம் லூசா தைங்க, உள்ள மடிச்சு விடுங்க, வளந்தா பிரிச்சுக்கலாம். பாவாடைக்கு டக் பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். டக் பிடித்திருப்பதே தெரியாது, அழகுக்குக் கோடு இழுத்த மாதிரி இருக்கும், புள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்து விட்டால் பாவாடையும் கூடவே இறங்கி வரும். இப்போது வைப்பதில்லை. இன்றைக்கு என்ன உயரமோ அந்த உயரத்துக்குத்தான் தைக்கிறேன், மிச்சத் துணியைக் கத்தரியால் ஒரே இழுப்பாக வெட்டிச் சாக்கில் போட்டுவிடுகிறேன். மெஷினுக்கு அடியில் இருக்கிறதே அந்தச் சாக்குதான். அதன் மேல்தான் இந்த மகராசன் ஏறி உட்கார்ந்து சாக்கின் வாயைக் கடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறான். காக்கி ஒரு பட்டை, நீலத்தில் கட்டம் போட்டது ஒரு பட்டை, மெரூன். ஏய், அதை விடு. மெரூனை மட்டும் விடமாட்டேன் என்கிறது, பல்லில் கவ்விக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் உதறுகிறது. இத்தனை துணி இருக்க அதையா எடுக்கணும். பிடுங்கப் போனால் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வாலை ஆட்டுகிறது. முன்னங்கால் இரண்டும் வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி, மற்றதெல்லாம் டீ நிறம். தனம் சாயங்காலம் வந்ததும் கை கால் கழுவுகிறாளோ இல்லையோ, ஈரத்துணியால் அந்த வெள்ளைக் கால்களைத் துடைத்துவிட்டுத்தான் மறு வேலை. அழுக்கே இல்லாவிட்டாலும் துடைக்கிறாள். துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். காலு தெரியலையே. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், பெல்ட்டைப் பார், பொழுதைப் பார்.

எடுத்த எடுப்பில் ரெக்சினை மாட்டக் கூடாதாம். முதலில் மெத்தென்று ஒரு துணியைக் கட்டணுமாம், எதையாவது தின்றுகொண்டிருக்கிறபோது கட்டணுமாம், அது பயப்பட ஆரம்பிப்பதற்கு முன்னால் நாமே அவிழ்த்துவிடணுமாம், கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கட்டணுமாம், கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் போகணுமாம். கடைக்கு மருந்து வாங்க வந்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னார் என்று தனம் பாடம் மாதிரி ஒப்பித்தாள். இரண்டு விரல் கணக்கை எனக்குச் சொல்லித் தருகிறாள், இருபது வருஷமாகச் சட்டைக் கழுத்துக்கு விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு. ஆனால் மற்றதும் எனக்குத் தெரியும், கம்பவுண்டருக்கு முன்னாலேயே தெரியும், அது தனத்துக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் கம்பவுண்டர் பேரைச் சொன்னாள். வதனிக்கு டை கட்டிப் பழக்கியது நான்தான். எங்கள் மகள் மதிவதனி, எல்கேஜியில் சேர்த்தபோது அந்த மெரூன் எலாஸ்டிக் டையைக் கழுத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாலே வீடு இரண்டாகிவிடும், "அப்பா குத்துது, அப்பா எடு" என்று பிய்த்து எறிவாள். தனம் இரண்டு அடி போட்டுப் பார்த்தாள், அப்புறம் அவளே உட்கார்ந்து அழுதாள். நான் டையைப் பிரித்து எலாஸ்டிக் மேல் ஒரு வெல்வெட் துண்டை வைத்துத் தைத்தேன். அவள் மாரி பிஸ்கட்டை டம்ளரில் நனைத்துத் தின்கிற நேரம் பார்த்துப் பின்னால் போய் மாட்டுவேன், பிஸ்கட் ஊறி விழுந்துவிடாமல் பார்ப்பதிலேயே குறியாக இருப்பாள், அவளுக்கு நினைவு வருவதற்குள் எடுத்துவிடுவேன். அடுத்த பிஸ்கட்டுக்குத் திரும்ப. பள்ளிக்கூடம் திறக்கிறபோது டையோடுதான் தூங்குவேன் என்று அடம். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தோன்றியது, செய்தேன். டீச்சர்கூட, வேற புள்ளைங்க எல்லாம் டையக் கழட்டி பைல போட்டுருதுங்க, இது மட்டும் சாயங்காலம் வரைக்கும் கழட்டறதில்ல என்று சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனியில் பழக்கினேன், ஐப்பசியில் மழை பிடித்தது. வெறும் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் கொசுக் காய்ச்சல் என்றார்கள், ரத்தத்தில் ஏதோ குறைகிறது, ஏறிவிடும் என்றார்கள், அது குறைந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசியைக் குத்தி டியூபை மாட்டிப் பிளாஸ்திரி ஒட்டியபோது அவள் பிடுங்கவே இல்லை, பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நல்ல புள்ளை, தொந்தரவே இல்லை என்று நர்ஸ் சொன்னது. நான்தான் பழக்கினேனே. உடம்பில் எதை மாட்டினாலும் பொறுத்துக்கொள்ள நான்தானே பழக்கிவிட்டேன்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்த சத்தத்துக்குக் குட்டி வெளியே வந்துவிட்டது, வாயில் மெரூன் பட்டை. பட்டையைக் கீழே போட்டுவிட்டு பிஸ்கட்டை நக்குகிறது. சரி, வேறு துணி தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, அதையே எடுத்துக் கழுத்தைச் சுற்றி ஒரு முடிச்சு, இரண்டு விரல், போகிறது. தின்று முடிக்கிறவரைக்கும் தெரியவில்லை. முடித்ததும் தலையைத் தூக்கியது, என்னமோ சரியில்லையே என்று நின்றது, பின்னால் நடந்தது, பின்னாலேயே நடந்து சுவரில் முட்டி உட்கார்ந்து பின்னங்காலால் சொறிந்தது, சொறிகிற வேகத்தில் குடைசாய்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே ஒருவரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டேன், நம் வீட்டில் நாம் சிரிப்பதற்கு என்ன பயம். அவிழ்த்தேன். பிஸ்கட். கட்டினேன். இந்தத் தடவை பின்னால் நடக்கவில்லை, கல்லு மாதிரி நின்றுகொண்டு கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தது, என்னமோ தப்பு நடந்துவிட்டது, சரி பண்ணு என்கிற மாதிரி. அவிழ்த்தேன். அந்தப் பார்வை எனக்கு ஆகாது. நீ பழகாவிட்டால் சாக்கடைக்குப் போவாய், பழகினால் என்னோடு இருப்பாய், இரண்டில் எது உனக்கு நல்லது என்று எனக்கே தெரியவில்லை, எனக்கு எது நல்லது என்று அதைவிடத் தெரியவில்லை. இருந்தால் நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மூக்கு காய்ந்திருக்கிறதா, சோறு தின்றாயா, ஏன் இன்றைக்கு இப்படிச் சுருண்டு படுத்திருக்கிறாய். ராத்திரி எழுந்து உட்கார்ந்து வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிற வேலையை நான் ஒருதடவை செய்து முடித்துவிட்டேன், இன்னொரு தடவை என்னால் ஆகாது. கட்டினேன். இப்போது அது முடிச்சை மறந்துவிட்டு என் கட்டைவிரலைக் கடிக்கிறது, பால்பல், குறுகுறுவென்று.

"டெய்லரண்ணே, இருக்கீங்களா?" ஜெயராணி. பின்தெருவில் இருக்கிறாள், அவள் சின்ன மகள் ஷிவானி வதனியோடு எல்கேஜியில் ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது ஒன்றாம் வகுப்பு. ஜெயராணி பாவாடை ஒன்றை மேசை மேல் விரித்துத் தலைகீழாகப் புரட்டினாள். "இதப் பாருங்கண்ணே. போன வருஷம் நீங்க தச்சதுதான். முட்டிக்கு மேல ஏறிப் போச்சு. கீழ பிரிச்சு விடலாம்னு பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. சுத்தமா வெட்டி வச்சிருக்கீங்க." நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன், "மடிப்பு வச்சா தூக்கிக்கிட்டு நிக்கும்மா. பாக்க நல்லாருக்காது." அவள் விடவில்லை. "முன்னெல்லாம் நல்லாத்தானண்ணே இருந்துச்சு? பெரியவளுக்கு நீங்க தச்ச பாவாடைய மூணு வருஷம் போட்டாளே. அப்புறம் அதையே தலகாணி உறையா தச்சுக் குடுத்தீங்க." நான் பாவாடையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். சுத்தமான வேலை, ஒரு நூல் பிசிறு இல்லை. ஜெயராணி குரலைத் தணித்துக்கொண்டாள், "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாதிரி பேசிக்கிறாங்கண்ணே. ராஜாங்கம் டெய்லர் இப்பல்லாம் துணிய மிச்சம் புடிக்கிறாருன்னு. எங்க வீட்டுக்காரர்கூட வேற எடத்துல குடுன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. அதான் புதுசுக்குத் துணி தாராளமாவே எடுத்துட்டு வந்திருக்கேன். உள்ள மட்டும் மடிச்சு விட்டுருங்க. வளர்ற புள்ள. வளந்தா பிரிச்சுக்கலாம்ல?" அப்போதுதான் மேசைக்கு அடியிலிருந்து குட்டி வெளியே வந்தது. "அய்யே, அழகா இருக்கே, யாரு இது? கழுத்துல பாரு, ஷிவானி யூனிஃபார்ம் துணி..." என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த யூனிஃபார்மை வேறு யார் போட்டிருந்தார்கள் என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. புதுத் துணியை மேசை மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டி, "அவசரமில்லண்ணே, மெதுவா தைங்க. தனத்தக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

மிச்சம் பிடிக்கிறேனாம். கோபம் வரத்தான் செய்தது, அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் கொட்டி, இந்தாங்க, உங்கள் துணி, ஒரு விரல் அகலம்கூட நான் வெளியே கொடுத்ததில்லை, கரித்துணிக்குக்கூட எடுத்ததில்லை என்று கத்தலாம் போல இருந்தது. அப்புறம் ஏன் வெட்டுனீங்க என்று கேட்பார்களே. கேட்டால் என்ன சொல்வது. உங்கள் மகளின் அடுத்த வருஷத்தை நான் வெட்டிச் சாக்கில் போட்டுவிட்டேன், அது வரும் என்று நம்பி என்னால் மடித்து வைக்க முடியவில்லை என்றா சொல்வது. யார் வீட்டுப் பிள்ளைக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. துணியை மடித்துக் கையில் பிடிக்கிறபோது விரல் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அன்றைக்குக் காலையில் வதனியைக் கொண்டுவந்து இதே முன்னறையில் கிடத்தினார்கள், மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நல்ல துணியாக ஏதாவது கொடுங்க என்று மாமியார் கேட்டார். தீபாவளிப் பட்டுப் பாவாடை தைத்து முடித்து ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது, மயில் கழுத்து நிறம், கீழே மூன்று டக். எடுத்து நீட்டினேன், நீட்டின கையை இழுத்துக்கொண்டேன். டக் மூன்றும் அப்படியே இருக்கிறதே. ஐந்து வயசும் ஆறு வயசும் ஏழு வயசும் உள்ளே மடிந்து கிடக்கிறதே. அவளுக்கென்று வைத்தது, இனி அதை யாருக்கு வைத்துக்கொள்வது. பிளேடை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன், ஒவ்வொரு தையலாக, துணி கிழியாமல். என்னப்பா இந்நேரத்துல என்றது ஒரு குரல். விடுங்க, செய்யட்டும் என்றது இன்னொன்று. பிரித்துக் கொடுத்தேன், கட்டினார்கள். பாவாடை பாதத்தை மூடி, பாதத்தைத் தாண்டி, தரையில் ஒரு சாண் கிடந்தது. எனக்கு அது சரியாகப் பட்டது. அவளுக்கு உள்ளதெல்லாம் அவளோடு போகட்டும், நான் மட்டும் எதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன். அப்போது தனத்தைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தலைமாட்டில் உட்கார வைக்கப் பார்த்தார்கள், அவள் கையை உதறிவிட்டுக் கால்மாட்டுக்குப் போனாள். துணியைத் தடவினாள், திரும்பத் தடவினாள், எங்கே முடிகிறது என்று தேடுகிறவள் மாதிரி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "காலு தெரியலையேங்க" என்றாள். அழவில்லை. பால்காரர் இன்னும் வரலையேங்க என்று சொல்வாளே, அந்தக் குரல்தான். நேரமாச்சு நேரமாச்சு என்றார்கள், சின்னப் பிள்ளை, தகப்பன்தான் தூக்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள், தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் பாவாடை என் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தது. அந்தக் கொலுசுக் காலை தனத்துக்கு ஒருதடவை காட்டியிருக்கலாம். துணியை இரண்டு விரல் தூக்கினால் போதும். எனக்கு ஏன் அது தோன்றவில்லை. டையைப் பழக்க யாரும் சொல்லித் தராமல் தோன்றியதே, இது ஏன் தோன்றவில்லை. அவளும் திரும்ப அதைப் பற்றிப் பேசியதில்லை. அழவும் இல்லை, காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகும் இல்லை, இன்றுவரை நான் பார்த்து இல்லை.

வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, பொழுது சாய்கிறது. இப்படி உட்கார்ந்தால் ஆகாது. இஞ்சு டேப்பை எடுத்துக் குட்டியின் கழுத்தை அளந்தேன், டேப்பையும் கடித்தது, கடிக்கட்டும். பெல்ட்டில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன், ஆணியைக் கிடுக்கியில் பிடித்து அடுப்பில் காய்ச்சிப் புள்ளியில் வைத்து அழுத்தினேன். ரெக்சின் கருகிய நாற்றம், குட்டி தும்மியது, நானும் தும்மினேன். உள்பக்கம் கழுத்தில் உராயாமல் இருக்க அந்த மெரூன் பட்டையை அப்படியே வைத்துக் கோணி ஊசியால் சுற்றித் தைத்தேன். வெல்வெட் இல்லை, இருப்பது இதுதான். பிஸ்கட்டைத் தரையில் போட்டு, அது குனிந்ததும் மாட்டினேன். இரண்டு விரல் போகிறது. புது ஓட்டை சரியாக உட்கார்ந்துவிட்டது. குட்டி சொறிந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, மாட்டினதை முகர்ந்து பார்க்கத் தலையைத் திருப்பித் திருப்பி முயன்றது, எட்டவில்லை. பிறகு நடந்தது. ஆனால் ஓட்டைக்கு அந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறதே, பெல்ட்டின் வால், வாங்கும்போதே இருந்த ஓட்டைகள் எல்லாம் அதில்தான் வரிசையாக இருக்கின்றன, அது நாக்கு மாதிரி தொங்கி முன்னங்காலில் மாட்டுகிறது. இரண்டு எட்டு வைத்தால் தடுக்கி முகம் குப்புற விழுகிறது. எழுந்து அதைக் கடிக்கிறது, கடித்துக்கொண்டே திரும்ப விழுகிறது. இப்படியே சிதம்பரநாதன் சார் பார்த்தால் நல்லா இருக்காது. கழற்றி மேசையில் வைத்தேன், கத்தரியை எடுத்தேன். வெட்டிவிட்டால் கச்சிதமாக இருக்கும், இன்றைக்கு என்ன கழுத்தோ அந்தக் கழுத்துக்கு. கை அதுவாகவே கத்தரியை விரித்துக்கொண்டு போகிறது, இரண்டு வருஷப் பழக்கம், மிச்சம் என்று கண்டாலே விரிகிறது. வெட்டினால் இந்த ஓட்டைகளும் சாக்குக்குள் போகும். வெட்டினால் அடுத்த மாதமே இது இறுக்கும். இறுக்குகிற அளவுக்கு இது வளர்ந்தால்தானே. வளருமா. சாக்கடை ஓரத்தில் கிடந்தது, தாய்ப்பால் இல்லை, ஆனிக் காற்று முடிந்தால் மழை வரும், மழை வந்தால் கொசு, நாய்க்கும் காய்ச்சல் வருமா, மூக்கு காயுமா. குட்டி என் காலடியில் உட்கார்ந்துகொண்டு மேசையைப் பார்க்கிறது, அதன் பெல்ட்டை நான் எடுத்துக்கொண்டேனாம், குரைக்கிறது. குரைப்பு என்று சொல்ல முடியாது, விக்கல் மாதிரி ஒன்று. அதட்டுகிறது என்னை. கொடு என்கிறது. மதியம் கண்டு பயந்ததை இப்போது கொடு என்கிறது. பயமாக இருக்கிறது, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, இதை யாரிடம் சொல்ல. கத்தரியைக் கீழே வைத்தேன். வாலை உள்பக்கமாக மடித்தேன். விரல் நின்றது. மடித்துப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன், மடித்ததை விடாமலேயே கோணி ஊசியில் நூலைக் கோர்த்தேன். ஓட்டுத் தையல்தான், இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற மாதிரி, இங்கே ஒன்று, அங்கே ஒன்று. முடிச்சைக் கெட்டியாகப் போடவில்லை. முடிச்சைக் கெட்டியாகப் போட்டால் பிரிக்கிறபோது துணி போய்விடும்.

சிதம்பரநாதன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார், வாசலில் நின்று பார்த்தார். குட்டி சாக்கின் மேல் பெல்ட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது, தூக்கத்தில் பின்னங்கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "பரவால்லையே, பெல்ட்டு ஏறிருச்சே. மாடிக்கு மட்டும் ஏறாமப் பாத்துக்கங்க" என்றுவிட்டுப் பால் வாங்கப் போனார். இவ்வளவுதானா, இதற்கா நான் ஒரு பொழுதை இப்படிக் கழித்தேன் என்று இருந்தது. விளக்கைப் போட்டேன். ஜெயராணியின் துணி மேசையில் மடித்தபடி இருந்தது, அதை நான் இன்னும் தொடவில்லை. தனம் வருவது செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது, வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள், உள்ளே வரப் பயந்து நிற்கிறாள் என்று புரிந்தது, குட்டி இருக்கிறதா இல்லையா என்று. குட்டி அவளுக்குத் தெரிகிற மாதிரி விளக்கு வெளிச்சத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு ஈரத்துணி எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள், வழக்கம் போல முதலில் கால்கள், இந்தக் கால், அந்தக் கால். குட்டி விழிக்கவில்லை. "கடிச்சுச்சா?" என்றாள். "பெருசா இல்ல" என்றேன். "ஓட்டை புதுசா போட்டீங்களா?" "ம்." இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள், போயிற்று. விரல் அப்படியே பெல்ட்டைத் தடவிக்கொண்டு போய், தடிப்பாக இருந்த இடத்தில் நின்றது. குனிந்து பார்த்தாள். கட்டைவிரலால் அந்த மடிப்பைத் தடவினாள், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு, திரும்பவும். என்னைப் பார்க்காமலேயே, "வெட்டலையா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

மாடியில் கைக்குழந்தை அழுதது, யாரோ தட்டிக் கொடுத்தார்கள், ஓய்ந்தது. தனம் குட்டியின் வெள்ளைக் கால் ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "வளந்தா பிரிச்சுக்கலாம்லங்க?" என்றாள்.

நாகல் நகரே என்னிடம் கேட்கிற கேள்வி. எத்தனையோ பேருக்குத் தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொல்லியிருக்கிறேன். அவள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லாமல் விடமாட்டாள் போலிருந்தது.

"பிரிச்சுக்கலாம்" என்றேன்.

தனம் அந்தக் காலை விடாமலே குனிந்து, முதலில் சத்தமில்லாமலும் பிறகு சத்தம் போட்டும் அழ ஆரம்பித்தாள்.